லூடீன் வாங்காத கொடி

லூடீன் ப்ரெவெட்டின் கல்யாணத் தேதியைக் குறித்தது பாதிரியாரும் இல்லை, பெண்ணைப் பெற்றவர்களும் இல்லை. பிரஷி ஃபோர்க் கார்ப் பந்தய டிராக்தான். வசந்தத்தில் ஒரு பெரிய பந்தயம், இலை உதிரும் காலத்தில் ஒரு பெரிய பந்தயம், நடுவே உள்ளூர்ப் பையன்கள் ஓட்டும் சனிக்கிழமைகள். இவை எதிலும் படாத ஒரு நாளைத் தேடிப் பிடித்து, கொட்டுகிற மழையில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை லோனி பாவம், நாலு நாள் கடற்கரைக்குப் போய் வரலாமா என்று கேட்டிருக்கிறான். "கடல் எங்கயும் ஓடிப் போயிடாது. ஞாயித்துக்கிழமை ஆப்ஷர் ஓட்டறான்" என்றாளாம் இவள். லோனி அன்றைக்கே விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டான். அதற்கப்புறம் அவன் அவளை எதிர்த்துப் பேசி எங்களில் யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு வேலை சோபாவுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில். மலையடிவாரத்தில் எங்கள் வட்டாரத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. வாரம் முழுக்கக் கெட்டித் துணியோடு மல்லுக்கட்டுவாள். பந்தய ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜெபம் முடிந்ததும் முதல் நாளே பொரித்து வைத்த கோழி, மிளகாயும் பாலாடைக்கட்டியும் தடவிய ரொட்டி, ஒரு குடம் இனிப்புத் தேநீர், எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு டிராக்குக்குக் கிளம்பிவிடுவாள். நான்காம் வளைவுக்கு மேலே, கேலரியின் நடு வரிசை. அந்த இடத்தில் வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களே எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவளுடைய நம்பர் எழுபத்தொன்று, அதாவது அவள் குடும்பம் கட்சி கட்டுகிற காரின் நம்பர். எங்கள் ஊரில் நம்பர் என்பது பிறக்கும்போதே வருவது. நம்பரைச் சொன்னால் குடும்பத்தைச் சொன்ன மாதிரி. ரூஃபஸ் ஆப்ஷர் என்று ஒருவர் இருந்தார். எழுபத்தொன்றை முதலில் ஓட்டியவர். லூடீனின் அப்பா கூலி எதுவும் வாங்காமல் அவருக்கு டயர் மாற்றிக்கொடுத்தவர். ரூஃபஸ் ஜெயித்தார். அவர் மகன் குவின் ஓட்டினான், எங்கெங்கோ ஜெயித்தான், சொந்த மண்ணான பிரஷி ஃபோர்க்கில் மட்டும் கடைசிவரை ஜெயிக்கவில்லை. இப்போது ஓட்டுவது குவினின் மகன் டால்டன். முப்பதைத் தாண்டியவன், நல்ல உயரம், தாத்தாவின் மூக்கு. ரூஃபஸுக்குப் பிறகு எழுபத்தொன்று எங்கள் டிராக்கில் முதலாவதாக வந்ததே இல்லை. லூடீனின் அப்பா அந்த நாளுக்காகக் காத்திருந்தே கண்ணை மூடினார்.

இனி அந்தக் கொடியின் கதைக்கு வருகிறேன்.

வசந்தப் பந்தயம் முடிந்ததும் ஜெயித்தவன் காரை முடிவுக் கோட்டருகே நிறுத்தி, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியைக் கம்பி வேலியின் திறப்பு வழியாக ஒரு ரசிகர் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் டிராக்கில் அது நெடுநாள் வழக்கம். யாருக்குக் கொடுப்பது என்பதை டிராக் முதலாளி கில்ரீத் குளிர்காலத்திலேயே சொல்லிவிடுவார். வாங்கியவர்கள் அதைக் கண்ணாடி போட்டு வீட்டு நடுக்கூடத்தில் மாட்டுவார்கள். அந்த வருஷம் லூடீனின் பெயரைச் சொன்னார். தொழிற்சாலையில் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் அக்கா வந்து தலைமுடியைச் சுருட்டிவிட்டாள். எழுபத்தொன்று போட்ட புதுச் சட்டையை லூடீன் தானே தைத்துக்கொண்டாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கொடி கிடைப்பது உறுதி. அதை எழுபத்தொன்றின் கையிலிருந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு முன் வரிசையில் உட்காரும் ஹோய்ட் ஷுமேட் இருபத்தொன்பதாம் நம்பர்க்காரன். அந்தக் காரை ஓட்டுவது பிரைஸ் ரக்கர். ஹோய்ட்டும் லூடீனும் இருபது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். அவள் பொரித்த கோழியை அவன் இருபது வருஷமாகத் தின்கிறான்.

"ஏம்மா லூடீன், எங்க ரக்கர் வந்து கொடியை நீட்டினா என்ன பண்ணுவே?" என்றான் அன்று, கோழிக் காலைக் கடித்தபடி.

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வாங்குவேன்."

"அதுக்குச் சட்டையை மாத்தணுமே."

"தின்கிற வேலையைப் பாரு ஹோய்ட். எலும்பு தொண்டையில சிக்கப்போகுது."

லூடீனுக்கு இப்போதைய பந்தயத்தின் மேல் இருக்கும் கோபத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொன்னது பாதிதான். பந்தயத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, நல்ல சூடு பிடிக்கிற நேரத்தில் நிறுத்தி, விளம்பரம் போடுகிறார்கள் என்று பொருமுவாள். கார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, ஸ்டிக்கரை உரித்துவிட்டால் எது யாருடையது என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது என்பாள். இறங்கிப் பேசுகிறவன் ஓட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்குள் எட்டுக் கம்பெனிக்கு நன்றி சொல்கிறான். எல்லாவற்றையும்விட, இந்த முட்டித் தள்ளுகிற கேடு. எங்கள் வசந்தப் பந்தயமும் அடங்கிய பெரிய தொடரில் ஒரு பந்தயம் ஜெயித்துவிட்டால் போதும், ஆண்டு இறுதிப் போட்டிக்கு இடம் நிச்சயம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தாலும் வந்தார்கள், கடைசிச் சுற்றில் அவனவனுக்குப் பேய் பிடித்துவிடுகிறது.

இடிப்பது எங்களுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். ரூஃபஸும் இடித்தவர்தான். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி, முன்னால் போகிறவனைக் கொஞ்சம் தள்ளாட வைத்து, அந்த இடைவெளியில் உள்ளே புகுந்து போவார். அவனும் விழமாட்டான். அடுத்த வாரம் அவன் திருப்பித் தட்டுவான், இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். வளைவின் நடுவில், எதிராளி திரும்பிக்கொண்டிருக்கும்போது, பின்னால் முட்டித் தூக்கிச் சுவரில் சாத்துவது வேறு. அதற்கு ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. வலது காலை அழுத்தத் தெரிந்தால் போதும்.

அன்று ரக்கர் முதலிலும் டால்டன் இரண்டாவதாகவும் வந்துகொண்டிருந்தார்கள். பந்தயம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே கில்ரீத் வந்து லூடீனையும் லோனியையும் கீழே கோட்டருகே அழைத்துப் போனார். வேலியின் திறப்பில் அவள் நின்றாள். காதில் ஹெட்போன்.

எங்கள் கேலரியில் பாதிப் பேர் காதில் அது இருக்கும். கார் ஓட்டுகிறவனும், கேலரிக் கூரை மேல் நின்று அவனுக்கு வழி சொல்கிறவனும் ரேடியோவில் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் பந்தயம் பார்ப்போம். ஒட்டுக்கேட்கிற வேலை இல்லை. டிராக் வாசலிலேயே அந்தக் கருவி வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டுகிறவர்களுக்கும் தெரியும். சூடு ஏறினால் மறந்துவிடுவார்கள்.

"ரெண்டு சுத்து இருக்கு," என்றான் கூரை மேல் இருந்தவன். "உள்பக்கம் இடம் கிடைக்குது டால்டன். பொறுமையா உள்ள போ."

"இடமெல்லாம் எனக்கு வேண்டாம்," என்றது டால்டனின் குரல். "இவனைச் செவுத்துல விட்டுட்டுப் போறேன்."

லூடீனின் கை ஹெட்போனின் மேலேயே நின்றுவிட்டது. "வேண்டாம்டா," என்றாள் மெதுவாக. "வேண்டாம் டால்டன். உள்ள இடம் இருக்குடா." அந்தக் கருவியில் கேட்கலாம், பேச முடியாது.

"என்னாச்சு?" என்றான் லோனி.

கடைசிச் சுற்றின் மூன்றாம் வளைவில் எழுபத்தொன்று நேராகப் போய் இருபத்தொன்பதின் பின்புறத்தைத் தூக்கியது. ரக்கரின் கார் திரும்பி, முகத்தால் சுவரை அறைந்து, தேய்த்துக்கொண்டே போய்ப் புகைந்து நின்றது. டால்டன் தனியாகக் கோட்டைத் தாண்டினான். மேலே கொடி ஆடியது. ரூஃபஸுக்குப் பிறகு முதல் முறையாக எழுபத்தொன்று பிரஷி ஃபோர்க்கில் ஜெயித்தது.

கேலரியில் பாதி குதித்தது, பாதி கத்தித் திட்டியது. ஆயுசெல்லாம் இதற்காகக் காத்திருந்தவள் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவள் கண் மூன்றாம் வளைவிலேயே இருந்தது.

டால்டன் எங்கள் முன்னால் காரைச் சுழற்றிச் சுழற்றி டயர் புகையைக் கிளப்பினான். பிறகு இறங்கிக் காரின் கூரை மேல் ஏறி நின்றான். டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். "கடைசியில முன் டயர் வழுக்கிடுச்சுங்க. ரக்கர் வேற கொஞ்சம் முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டாரு. இப்படி ஜெயிக்கணும்னு யாருக்கும் ஆசை இருக்காது," என்றான். அப்புறம் கம்பெனிப் பெயர்களை வரிசையாகச் சொன்னான். அப்புறம் கொடியை எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, வேலித் திறப்புக்கு வந்தான். டிவிக்காரப் பெண்ணும் மைக்கோடு பின்னாலேயே வந்தாள். அந்த மைக்கில் விழுந்ததெல்லாம் டிராக் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

"மிஸ் லூடீன்! பிடிங்க! உங்கப்பா காலத்துலேருந்து காத்துக்கிட்டிருந்தீங்களே!"

அவள் அவன் தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலை இறங்கலையே டால்டன்."

"என்னது?"

"ரக்கரோட ஜன்னல் வலை. இன்னும் மாட்டினபடியே இருக்கு."

எங்களுக்கு அது சின்ன வயசு முதல் தெரியும். மோதி நின்ற காரில் ஓட்டுகிறவன் ஜன்னல் வலையை அவிழ்த்துவிட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வலை இறங்காவிட்டால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது மேடம்."

"நீ பார்த்தியா?"

அப்போதுதான் அவன் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தது. "இல்ல," என்றான். "பார்க்கலை."

"அப்ப நிப்போம்."

நின்றார்கள். நீட்டிய கொடியைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு பக்கம், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் மறுபக்கம். குதித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். திட்டிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடினார்கள். கில்ரீத் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் கொடி படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டாலும் போங்கள், நான் அங்கே இருந்தேன்.

வலை விழுந்தது. ஒரு கை வெளியே வந்து ஆடியது. ரக்கர் தானே ஏறி வெளியே வந்தான், நொண்டிக்கொண்டே. எழுபத்தொன்று, இருபத்தொன்பது என்று பாராமல் மொத்தக் கேலரியும் எழுந்து ஆர்ப்பரித்தது. லோனி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பார்த்தீங்களா, நல்லாத்தான் இருக்கான்," என்று டால்டன் மறுபடி கொடியை நீட்டினான். "இப்ப பிடிங்க."

"முன் டயர் வழுக்கிடுச்சுன்னு சொன்னியே."

"ஆமாங்க, அந்த வளைவுல..."

லூடீன் காதில் இருந்த ஹெட்போனை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். "இது என் காதுலதான் இருந்துச்சு கண்ணு."

டால்டனின் முகம் அவன் காரின் நிறத்துக்கு வந்தது. சிவப்புக் கார்.

"லூடீன்," என்றார் கில்ரீத், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாடு முழுக்கப் பார்த்துக்கிட்டிருக்கு. இப்ப வாங்கிக்க தாயே. அப்புறமா எவ்வளவு வேணாலும் திட்டிக்க."

"நான் எங்க திட்டினேன்? வேண்டாம்னு சொல்றேன்."

டால்டன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தி என்ன, மைக் இருக்கிறதே. "சட்டப்படி நான் ஒரு தப்பும் பண்ணலை மிஸ் லூடீன். இன்னைக்கு ஜெயிச்சாத்தான் கடைசிப் போட்டிக்கு எனக்கு இடம். எல்லாருமே இப்படித்தான் ஓட்டறாங்க. நான் அவன் இடத்துல இருந்திருந்தா அவன் என்னைத் தூக்கியிருப்பான்."

"தூக்கியிருப்பான். அவன் லட்சணமும் எனக்குத் தெரியும். கோப்பையை நீ வச்சுக்க, உன் இடத்தையும் வச்சுக்க, யாரும் பிடுங்க வரலை. ஆனா கொடி என் வீட்டுச் செவுத்துல தொங்கணும். வர்றவங்க போறவங்க எல்லாம் இது எப்படி ஜெயிச்சதுன்னு கேப்பாங்க. நான் வாயைத் திறந்து சொல்லணும்ல?"

அவன் கொடியைச் சுருட்டி வேலிக்கு அந்தப் பக்கம் சுவர் மேல் வைத்துவிட்டுக் கோப்பை வாங்கப் போய்விட்டான். கை நீட்டினால் எட்டுகிற தூரம். அவள் நீட்டவில்லை.

கேலரிக்குத் திரும்பி ஏறும்போது அவளுக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்க வேண்டுமே! எல்லாம் அவளுடைய சொந்த நம்பர்க்காரர்கள்தான்.

"என்ன லூடீன், ரக்கர் கட்சிக்குத் தாவிட்டியா?"

"அப்பன் டயர் மாத்தின காருடி அது! மறந்துட்டியா?"

"சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ!"

"சட்டை நானே தைச்சது," என்றாள் கடைசியாகச் சொன்னவனிடம். "உனக்கு வேணும்னா துணி எடுத்துக்கிட்டு வா, தைச்சுத் தர்றேன். இடுப்பு அளவுக்கு ரெண்டு கஜம் கூடவே எடுத்துக்க."

ஹோய்ட்டுக்கோ வாயெல்லாம் பல். எழுந்து நின்று தன் இருபத்தொன்பது போட்ட தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைக்க வந்தான். "வா லூடீன், வா! உனக்காக எங்க வரிசையில இடம் போட்டு வச்சிருக்கேன்."

அவள் தொப்பியைத் தட்டிவிட்டாள். "போன வருஷம் உன் ரக்கர் அந்தக் குட்டைப் பையனைச் செவுத்துல சாத்தினப்போ நீ என்ன பண்ணே?"

ஹோய்ட் தலையைச் சொறிந்தான்.

"சொல்லு."

"கை தட்டினேன்."

"விசிலும் அடிச்சே. உன் தொப்பியை நீயே போட்டுக்க."

பந்தயம் முடிந்தால் நாங்கள் உடனே கிளம்பமாட்டோம். ஒரே ஒரு சாலை, அதில் ஆயிரக்கணக்கான வண்டிகள். அதனால் வண்டி நிறுத்திய புல்வெளியிலேயே, பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி உட்கார்ந்து, மிச்சம் மீதியைத் தின்றபடி, பந்தயத்தை இன்னொரு தடவை வாயால் ஓட்டுவோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. லூடீன் பின்கதவில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள், வாயில் போடாமல் உரித்து உரித்துக் குவித்துக்கொண்டிருந்தாள். ஹோய்ட் மடக்கு நாற்காலியைப் போட்டு லோனிக்குப் பக்கத்திலேயே இருந்தான். அவனாக எதுவும் பேசவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

வண்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் நடந்து வந்தான். பந்தய உடுப்பை இடுப்புவரை இறக்கிக் கட்டியிருந்தான். கக்கத்தில் சுருட்டிய கொடி. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, கீழ் உதடு பிளந்து வீங்கியிருந்தது.

"ரக்கர்கிட்ட போனேன்," என்றான் டால்டன்.

"என்ன சொன்னான்?" என்றாள் லூடீன்.

டால்டன் உதட்டைக் காட்டினான். ஹோய்ட் வாயிலிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது.

"ஹெல்மெட்?" என்றாள் லூடீன்.

"கழட்டிட்டுத்தான் போனேன்."

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். இந்தக் காலத்துப் பையன்கள் சண்டைக்குப் போனால் ஹெல்மெட்டோடுதான் போவார்கள். நடுவில் இரண்டு பக்கத்து ஆட்களும் சுவர் மாதிரி நிற்க, எட்டி நின்று தலையை ஆட்டுவார்கள், இரும்புத் தொப்பி போட்ட சேவல்கள் மாதிரி. மறுநாள் போனில் ஒரு மன்னிப்புச் செய்தி, அதையும் வேறு யாரோ எழுதியிருப்பார்கள். பார்த்துப் பார்த்து எங்களுக்கு வெறுத்துப் போயிருந்தது. அதனால்தான் டால்டன் அப்படிச் சொன்னதும் ஹோய்ட் ஷுமேட், ஒரு இருபத்தொன்பதாம் நம்பர்க்காரன், எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான்.

லூடீன் ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒரு கை ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "அழுத்திப் பிடி. டிவில மாத்திச் சொன்னியா?"

"அது முடியாது மிஸ் லூடீன். கம்பெனிக்காரங்க விடமாட்டாங்க. நான் மட்டும் இருந்தா..."

"சரி சரி. பிடி, ஒழுகுது பாரு."

அவன் ஐஸை உதட்டில் வைத்தபடி மறு கையால் கொடியை அவள் பக்கத்தில் பின்கதவின் மேல் வைத்தான். "இப்பவாவது எடுத்துக்கங்க."

அவள் எடுத்துப் பிரித்தாள். மடியில் போட்டுத் தடவிப் பார்த்தாள். கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம். ஓரத்தை விரலிடுக்கில் வைத்து நீவினாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருந்தால், அந்தத் துணி அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

"வாங்கிக்கயேன் லூடீன்," என்றான் லோனி. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "வாயில அடி வாங்கிட்டு நடந்து வந்திருக்கான்."

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. கொடியின் ஓரத்தைத் திருப்பி அவனிடம் காட்டினாள். "தையல் சகிக்கலை லோனி. ஒரு காத்துக்குத் தாங்காது." பிறகு அதை நாலாக மடித்து, சுருக்கம் போக நீவி, டால்டன் மடியில் வைத்தாள்.

"நீ நடந்து வந்தது நல்ல காரியம். அதுக்குக் கோழி தர்றேன், உக்காந்து சாப்பிடு. கொடி அந்த மூணாவது வளைவுக்கானது. அது எப்படிப் பார்த்தாலும் எனக்கு வேண்டாம்."

"அடுத்த தடவை நான் ஜெயிப்பேனான்னு தெரியாது."

"எனக்கும் தெரியாது. உங்கப்பன் ஓட்டின காலமெல்லாம் இங்க ஒவ்வொரு பந்தயத்துக்கும் வந்தவ நான். இங்க ஒரு தடவையாவது ஜெயிச்சானா? நான் வராம இருந்தேனா?"

டால்டன் வலிக்கிற உதட்டோடு கோழியைக் கடிக்க முயன்றான். ஒரு ஓரமாகக் கடிக்க முடிந்தது. போகும்போது கொடியை எடுத்துப் போனான். அதை என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க லூடீனை வைத்துப் பேச்சுத்தான். பாதிப் பேர் பைத்தியக்காரி என்றார்கள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் அவள் மேசைக்கு வராதவர்கள் இருந்தார்கள். எங்கிருந்தோ முன்பின் தெரியாத ரசிகர்கள், பந்தயம் பார்ப்பதையே விட்டுவிட்டவர்கள், டிராக்குக்குப் போன் போட்டு, அந்த அம்மா உட்காரும் வரிசை எது, பக்கத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டார்களாம். அவள் இதில் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டால்டன் ஓட்டிய பந்தயம் ஒன்றைக்கூட விடவுமில்லை.

அடுத்த குளிர்காலத்தில் கில்ரீத் அவள் வீட்டுக்கே வந்தார். போன வருஷத்துக் கொடி யாருக்கும் போய்ச் சேராததால் கணக்குப்படி இந்த வருஷமும் அவளுக்குத்தான் என்றார். "இந்தத் தடவை என் மானத்தை வாங்கிடாதே தாயே. யார் குடுத்தாலும் வாங்கிக்க."

"வந்து நிக்கிறேன்," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.

அந்த வசந்தப் பந்தயத்தில் டால்டன் யாரையும் முட்டவில்லை. உண்மையைச் சொன்னால், முட்டுகிற தூரத்துக்கு முன்னால் இருந்தவர்கள் அவனை வரவிடவுமில்லை. ஐந்தாவதாக வந்தான். ஜெயித்தது மேற்குக் கரையிலிருந்து வந்த ஒரு புதுப் பையன். சுத்தமாக, உள்பக்கமாகப் புகுந்து, யார் மேலும் வண்ணம் உரசாமல் ஜெயித்தான். அவன் கொடியோடு வேலித் திறப்புக்கு ஓடி வந்து, மரியாதையாகத் தலையைக் குனிந்து நீட்டினான்.

லூடீன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ரொம்ப நல்லா ஓட்டினே தம்பி. உன்னைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க. ஆனா எங்க வீட்டு நம்பர் எழுபத்தொன்னு. இதை வேற யாருக்காவது குடுத்துடு."

பையன் திகைத்துப்போய்க் கில்ரீத்தைப் பார்த்தான். "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா சார்?"

"நீ ஒரு தப்பும் பண்ணலைப்பா," என்றார் கில்ரீத், இந்த முறை கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீ வெளியூரு. விடு."

மேலே கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. போன வருஷம் சட்டையைக் கழற்றச் சொன்னவன் உட்பட. ஹோய்ட் விரலை மடித்து விசில் அடித்தான். யாருக்காக அந்தச் சத்தம் என்று லூடீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாவதாக வந்த சிவப்புக் கார் அப்போதுதான் மெதுவாக உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, அவள் அதன் நம்பரைக் கத்திக்கொண்டிருந்தாள்.